கஞ்சிக்கு ஏன் பால் விடவில்லை?

ஓமந்தைக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமம். மே மாதத்து மாலைப்பொழுது. வயல் வேலை முடித்து வந்த சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அந்த வீட்டு அம்மம்மா அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் இட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். வளவிலோ தென்னைகள் காய்த்து நிற்கின்றன. பன்னிரண்டு வயதுப் பேரன் கேட்டான்: "அம்மம்மா, கஞ்சிக்கு ஏன் பால் விடேல்லை?" அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "அது ஒண்டுமில்லையப்பன், நீ போய்ப் படி" என்றார். பையன் எழுந்து போய்விட்டான். நாங்கள் பேசாமல் கஞ்சியைக் குடித்தோம்.

அந்தப் பிள்ளை 2009க்குப் பின் பிறந்தவன். அம்மம்மாவோ முள்ளிவாய்க்கால்வரை நடந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து, செட்டிகுளம் முகாமில் தரப்பாளின் கீழ் இருந்தவர். அவரின் மௌனத்தைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒரு பிள்ளை கேட்ட நல்ல கேள்விக்குப் பதில் கிடைக்காமற் போனது எம் மனதை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. ஏனெனில் உலகின் மிகப் பழைய நினைவு விழாக்களில் ஒன்று இதேபோன்ற ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பிள்ளையின் கேள்வியோடு தொடங்கும் இரவு

யூத மக்களின் பாஸ்கா விழாவைப் பற்றியே சொல்கிறோம். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்கள் விடுதலையாகி வெளியேறியதை நினைவுகூரும் இவ்விழா மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் வருகிறது. விழாவுக்கு முன்னர் வீட்டிலுள்ள புளித்த மாவெல்லாம் தேடி அகற்றப்படும். முதல் நாள் இரவு, குடும்பத்தினர் மேசையைச் சுற்றி அமர்வர். அங்கு உணவே பாடநூலாகிறது. மா புளிப்பதற்கும் நேரமின்றி ஓடியவர்களின் நினைவாகப் புளிப்பில்லாத அப்பம் உண்டு. அடிமை வாழ்வின் கசப்புக்காகக் கசப்புக் கீரை. கண்ணீருக்காக உப்புத் தண்ணீர். செங்கல் அறுத்த சேற்றை நினைவூட்ட ஓர் இனிப்புக் களி. இதைக் கொங்கணக் கரையிலும் கொச்சியிலும் வாழ்ந்த யூதர்கள் பேரீச்சம்பழப் பாகிலிருந்து செய்தனர்.

மேசையில் இருப்பவர்களுள் மிக இளைய பிள்ளை, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று கேட்கும். அதன் பின்னரே கதை தொடங்கும். நால்வகைப் பிள்ளைகளைப் பற்றியும் அன்று பேசப்படும்: அறிவாளி, முரண்டு பிடிப்பவன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பெரியவரே முன்வந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்பது விதி. சொல்பவர் பழங்கதையாக அன்றி, தானே எகிப்திலிருந்து வெளியேறியவர் போலச் சொல்ல வேண்டும்.

இந்த வழிபாட்டுக்குக் குரு தேவையில்லை. மேடையோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின்னர், பலிபீடத்தின் இடத்தை வீட்டு மேசை எடுத்துக்கொண்டது. கோயிலும் நாடும் இழந்த ஒரு மக்கள் கூட்டம் தன் கதையை இழக்காமல் இருந்ததற்கு இந்த மேசையும் ஒரு காரணம்.

மும்பையில் ஒரு சிறு சபை

இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் விடயம் என்று எண்ணிவிட வேண்டாம். எமக்கு அயலிலேயே, மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், பெனே இஸ்ரவேலர் என்ற யூத சமூகம் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளது. கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே தம் முன்னோர் என்பது அவர்களின் மரபுக்கதை. எண்ணெய் ஆட்டுவது அவர்களின் தொழில். சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்தியதால் அயலவர் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என அழைத்தனர். எபிரேய மொழியும் நூல்களும் அவர்களிடமிருந்து பெரும்பாலும் மறைந்துபோன காலத்திலும் ஓய்வுநாளும் சில விழாக்களும் வீட்டு வழக்கமாக நிலைத்தன. நன்றிக்கடன் செலுத்தும்போது அவலும் தேங்காயும் பழமும் படைத்து எலியா தீர்க்கதரிசியை நினைவுகூருவது இன்றும் அவர்களிடம் உள்ள வழக்கம்.

இச்சமூகத்திலிருந்து வந்தவரே மருத்துவர் ஜெருஷா ஜிராட். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டனில் மருத்துவம் பயின்றபோது, அங்கு முற்போக்கு யூத இயக்கத்தை முன்னெடுத்த லிலி மொண்டேகு என்ற பெண்மணியின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அதன் பயனாக 1925இல் மும்பையில் யூத சமயச் சங்கம் என்ற சிறு சபை உருவாயிற்று. ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்வதும், விளங்கும் மொழியில் செபிப்பதும், பெண்களும் வழிபாட்டில் முன்னிற்பதும் இவ்வியக்கத்தின் இயல்புகள். ஜிராட் பின்னாளில் மும்பை காமா மருத்துவமனையின் பொறுப்பாளராகப் பணியாற்றி, 1966இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். மகப்பேற்று மருத்துவராக ஏழைப் பெண்களிடையே உழைத்த ஒருவர் வழிபாட்டிலும் பெண்ணுக்கு இடம் கேட்டது வியப்பன்று.

1948க்குப் பின்னர் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். இன்று இந்தியா முழுவதிலும் யூதர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்களே. பிள்ளைகள் வெளிநாட்டில், முதியோர் ஊரில். இந்த நிலை வன்னிக்கும் புதிதன்று. ஆளில்லாத ஊரில் திருவிழா நடத்துவதன் துயரம் எமக்குத் தெரியும். அத்தகைய சிறு சபைகள் நிலைத்து நிற்பதற்கு ஒரு வழி, தனித்தனி வீடுகளில் மட்டுமன்றி, ஓர் இரவு மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பாஸ்கா உணவை உண்பதாகும். தனியே வாழும் முதியவர், ஊருக்குப் புதியவர், வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர் என யாவருக்கும் அங்கு இடமுண்டு. பசித்தவர் எவராயினும் வந்து உண்ணலாம் என்ற பொது அழைப்போடுதான் அந்த இரவின் கதையே தொடங்குகிறது.

நாம் எதைக் கற்கலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இராவுணவு பாஸ்கா உணவே என மூன்று நற்செய்திகள் கூறுகின்றன. ஆனால் அதே புனித வாரத்தில்தான், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் கிறிஸ்தவர்களால் தாக்கப்பட்டனர். எமது பாஸ் நாடகங்களிலும் யூதர் என்றால் கொடியவர் என்ற சித்திரமே நீண்ட காலம் இருந்தது. யூத மக்கள் மீது கூட்டுப்பழி சுமத்துவதைக் கத்தோலிக்கத் திருச்சபை நிராகரித்தது 1965இல்தான். ஆகவே அவர்களின் சடங்கை எடுத்து எமது மண்டபத்தில் நடித்துக் காட்ட வேண்டாம். அது அவர்களுடையது. எமக்கு எமது கஞ்சி இருக்கிறது. கற்க வேண்டியது அந்தச் சடங்கின் உட்பொருளையே.

முள்ளிவாய்க்கால் கஞ்சி இன்று மே மாதத்தில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் வழங்கப்படுகிறது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காக நால்வர் கைதுசெய்யப்பட்டனர். ஒரு வாளிக் கஞ்சிக்கு இத்தனை பயமிருந்தால், அதில் எத்தனை பெரிய கதை இருக்க வேண்டும்! ஆனால் வீதியில் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு அந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? மேடையில் பேசுபவர் தன் கட்சியின் கதையைச் சொல்வார். அம்மம்மாவின் கதையை அம்மம்மாவே சொல்ல வேண்டும். எங்கே பதுங்குகுழி வெட்டினோம், யார் ஒரு சுண்டு அரிசி தந்தார், யாரை வழியில் விட்டுவிட்டு வந்தோம் என்பதெல்லாம் வீட்டில் மட்டுமே சொல்லக்கூடியவை.

பிள்ளைகளின் மனம் புண்படாதா எனச் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைப்பது பிழை. தாய் நடுச்சாமத்தில் எழுந்திருப்பதையும், வாணவெடிச் சத்தத்துக்குத் தகப்பன் திடுக்கிடுவதையும் பிள்ளை காண்கிறது. காரணம் தெரியாத பயமே கூடுதலாக வதைக்கும். பிள்ளை கேட்ட அளவுக்கு, அதன் வயதுக்கு ஏற்ற அளவுக்கு, அன்பான கைகளுக்கு நடுவே சொல்வதுதான் பாஸ்கா மேசை காட்டும் வழி. அங்கே கசப்புக் கீரைக்குப் பின்னர் இனிப்பும் உண்டு. ஒளித்து வைத்த அப்பத் துண்டைத் தேடும் பிள்ளைகளின் சிரிப்பும் உண்டு.

எதிரிக்கும் அயலாருக்கும் இடம்

இன்னொன்றையும் அந்த மேசையில் காண்கிறோம். எகிப்தியருக்கு வந்த பத்து வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்திலிருந்து குறைப்பார்கள். எதிரியும் துன்பப்பட்டான், ஆகவே எமது மகிழ்ச்சி முழுமையாக இருக்கலாகாது என்பது இதற்குப் பலரும் தரும் விளக்கம். எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாமல், தம்மிடையே வாழும் அந்நியரை ஒடுக்கக்கூடாது என்று மோசேயின் சட்டமும் திரும்பத் திரும்பக் கூறுகிறது.

இந்தக் கண்ணாடியில் எம் முகத்தைப் பார்க்கத் துணிவோமா? 1990 ஒக்டோபரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எமது இடப்பெயர்வுக் கதையில் அவர்களுக்கு எத்தனை வரி? 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களைக் காந்தியம் அமைப்பு குடியேற்றியது. அவர்கள் காடு வெட்டினார்கள். எல்லையில் முதல் அடி வாங்கினார்கள். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் 'வந்தவர்கள்' என்று சொல்லும் வாய்கள் எம் ஊர்களில் உண்டு. காணிக் கச்சேரியிலும் கமக்காரர் கூட்டத்திலும் அவர்கள் பின்வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். தன் துன்பத்தை மட்டும் சொல்லும் நினைவு பாதி நினைவே.

விடுதலைக் கதையைச் சொல்வதால் மட்டும் ஒரு சமூகம் நீதியுள்ளதாகிவிடாது. 2023 ஒக்டோபருக்குப் பின்னர் யூதர்களே பாஸ்கா மேசையில் இதைப் பற்றிக் கடுமையாக விவாதித்தனர். 2024 ஏப்ரலில் பல வீடுகளில், பிடித்துச் செல்லப்பட்ட பணயக் கைதிகளுக்காக ஒரு நாற்காலி வெறுமையாக விடப்பட்டது. வேறு சிலர் காஸாவில் பட்டினி கிடப்போரை நினைத்து நியூயோர்க் வீதியில் பாஸ்கா கூட்டம் நடத்தினர். அதற்கு முன்பே, 1969 ஏப்ரல் 4இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்தபோது, வாஷிங்டனில் ஒரு கறுப்பின மக்களின் தேவாலயத்தில் யூதரும் கறுப்பினத்தவரும் கூடிப் பாஸ்கா உணவை உண்டனர். அதே மேசை பிறரின் விடுதலைக்கும் திறக்கலாம். திறக்காமல் மூடியும் வைக்கலாம். அது அமர்பவர்களின் கையில் உள்ளது.

எமது வேண்டுகோள்

கிராமங்களிலுள்ள அன்பியங்கள், மாதர் சங்கங்கள், அறநெறிப் பாடசாலைகள் ஆகியவற்றிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஆண்டில் ஒரு மாலை, இரண்டு மூன்று குடும்பங்களாக ஒரு வீட்டில் கூடுங்கள். கஞ்சி காய்ச்சுங்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும் சொல்லுங்கள். தனியே இருக்கும் முதியவரையும், புதிதாக வந்த குடும்பத்தையும், முடிந்தால் ஒரு முஸ்லிம் அயலவரையும் அழையுங்கள்.

பாஸ்கா மேசையில் எலியாவுக்கென ஒரு கிண்ணம் நிரப்பப்படும். அவர் வருவார் என்று கதவும் திறந்து வைக்கப்படும். 2009இல் ஓமந்தையில் கையளித்த தம் பிள்ளைகளை இன்னும் தேடும் தாய்மார் எம் நடுவே உள்ளனர். வவுனியாவில் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்களுள் பலர் பதில் கிடைக்காமலே இறந்தும் போயினர். அவர்களுக்கு ஒரு கிண்ணக் கஞ்சியை வைப்பதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

குளமும் வாய்க்காலும் வீதியும் அபிவிருத்திதான். ஆனால் ஒருவருக்கொருவர் உண்மை பேச முடியாத ஊரில், குளத்துத் தண்ணீரைப் பங்கிடுவதும் கடினமே. அந்த அம்மம்மாவிடம் அடுத்த மே மாதத்திலும் போவோம். பையன் மீண்டும் கேட்பானோ தெரியாது. அவன் கேட்காவிட்டால், நாமாவது தொடங்கி வைக்க வேண்டும்: "தம்பி, இந்தக் கஞ்சிக்கு ஏன் பால் விடேல்லை எண்டு தெரியுமே?"