பிளக் பொருந்தினால் போதுமா?

சாரல் காலத்தில் குற்றாலம் வரும் கார்களில் கம்பெனி கொடுத்தபடியே இல்லாதவையும் உண்டு. பெரிய ஏர் ஃபில்டர், அகலமான இன்டேக் குழாய், வேறு மாடலிலிருந்து கழற்றி மாட்டிய மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். பிளக் கச்சிதமாகப் பொருந்திவிடும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி திணறும். உடனே இன்னொரு சென்சார் வாங்கச் சொல்வது சோம்பேறி வைத்தியம்.

சென்சாருக்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதிலிருந்துதான் காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. குழாயை அகலமாக்கியது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியாது. அகன்ற குழாயில் காற்றின் வேகம் குறையும், கணக்கில் காற்று குறையும், பெட்ரோலும் குறையும்.

ஆகவே முதலில் ஓபிடி ஸ்கேனரைச் செருகி ஃபியூவல் டிரிம்மை, அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் மட்டும் கூட்டல் பக்கம் எகிறி, ஆர்பிஎம் ஏறியதும் இறங்கினால், பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிவு. ஏறிய பிறகும் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் பூசிய ஃபில்டர் என்றால் கம்பியில் பிசுக்கு படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள், விரல் படக் கூடாது.

மாற்றித்தான் தீருவேன் என்பவர் ஈசியூவை ரீமேப் செய்யும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடட்டும். முடியாதென்றால் பழைய குழாயையும் சென்சாரையும் திரும்ப மாட்டிவிடுவதே லாபம்.