மரங்கொத்திகள் மொய்த்த மரம்



இந்த மாதம் உங்களோடு ஓர் ஆப்பிளைப் பற்றிப் பேச ஆசை. பெயர் பால்ட்வின். பிறந்த நாடான அமெரிக்காவிலேயே இன்று தேடி அலைந்துதான் இதை வாங்க வேண்டும்.

1740 வாக்கில் மாசசூசெட்ஸின் வில்மிங்டனில், ஒரு பண்ணையில் தானாக முளைத்த மரம் அது. மரங்கொத்திகள் ஓயாமல் வந்ததால் 'மரங்கொத்தி ஆப்பிள்' என்றே அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பின்னாளில் மிடில்செக்ஸ் கால்வாய்க்கு நிலம் அளக்க வந்தவர்கள் கண்ணில் பட்டது. கால்வாயின் பொறியாளர் லோமி பால்ட்வினுக்குப் பழம் பிடித்துப்போக, குச்சிகளை வெட்டி ஒட்டுக்கட்டிப் பரப்பினார். 1815 புயலில் தாய்மரம் சாய்ந்தபோது, அதன் கிளைகள் ஊர் ஊராக வேறு மரங்களின் மேல் தழைத்துக்கொண்டிருந்தன.

விதை போட்டால் ஆப்பிளில் தாயின் குணம் அப்படியே வராது. ஆகவே இன்றுள்ள ஒவ்வொரு பால்ட்வினும் அந்த ஒரே மரத்தின் கிளைதான். தலைமுறைதோறும் யாரோ ஒருவர், பனிக்காலம் முடியுமுன் பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டிப் பத்திரப்படுத்தி, வசந்தத்தில் ஒட்டுக்கட்டியிருக்கிறார். அந்தப் பெயர் தெரியாத கைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பழம் பெரிது, கெட்டி. மஞ்சள் கலந்த பச்சைத் தோலின் மேல் சிவப்பு படர்ந்திருக்கும். ஊடே வெளிர் புள்ளிகள். கடித்தால் மொறுமொறுப்பு, இனிப்போடு நல்ல புளிப்பு. தோல் தடிமன் என்பதால் பீப்பாய்களில் அடைத்துக் கடல் கடந்தும் அனுப்பினார்கள். நிலவறையில் வைத்தால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். ஆப்பிள் பை சுடவும் ஏற்றது, சைடர் பிழியவும் ஏற்றது. ஆனால் ஓராண்டு கொத்துக் கொத்தாய்க் காய்த்தால் மறு ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். குரோமோசோம் மூன்று தொகுதி என்பதால் மகரந்தமும் பயன்படாது. பக்கத்தில் வேறு ரகங்கள் இருந்தாக வேண்டும்.

மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் தோட்டங்களை ஆண்ட இந்த ரகத்தை 1933–34 கடுங்குளிர் சாய்த்தது. மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. குளிர் தாங்கும் மெக்கின்டாஷ் ரகத்துக்கு விவசாயிகள் மாறினார்கள். பிழைக்க வேண்டியவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சிலர் பால்ட்வினைக் கைவிடவில்லை.

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்கள் அக்டோபர் கடைசியில் நியூ இங்கிலாந்துப் பக்கம் போனால், பழைய தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் நாலைந்து பழங்களைக் குளிர்பெட்டியில் சில வாரம் வைத்திருந்து சாப்பிட்டுவிட்டு, ருசி எப்படி என்று எழுதுங்கள். கடிதங்களுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்