நோவற்ற 'சாரி'

தேங்காய்ப்பட்டணத்துக் கடைத்தெருவில் ஒருவர் காலை மற்றொருவர் மிதித்தால் 'சாரி'. வாங்கிய கடன் நாள் தவறினால் 'சாரி'. இழவு வீட்டு வாயிலில் நின்றும் 'சாரி'. மூன்றிடத்துக்கும் ஒரே சொல்! இஃது எளிமையன்று, உணர்வின் வறுமை.

அச்சொல்லின் பிறப்பைக் காண்க. பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் புண், நோவு. அதனின்று பிறந்ததே நோவுற்றவன் என்னும் பொருளுடைய பழஞ்சொல்; அதுவே 'சாரி' எனத் திரிந்தது. இன்று புண்ணைக் குறிக்கும் 'சோர்' என்பதும் அவ்வேரினதே. துயரைக் குறிக்கும் 'சாரோ' இதன் உடன்பிறப்பு என்று பலர் எண்ணுவர். அன்று, அது வேறு வேரிற் கிளைத்தது. ஒலியும் பொருளும் நெருங்கியமையால் பிற்காலத்தில் ஒன்றன் சாயல் மற்றொன்றிற் படிந்தது. ஒலியொப்புமை ஒன்றே வேரொற்றுமைக்குச் சான்றாகாது என்பதைத் தமிழ்ச் சொல்லாய்வாரும் நினைவிற் கொள்வது நன்று.

ஆகவே, முன்னாளில் அச்சொல்லைச் சொன்ன ஆங்கிலேயன் 'என் உள்ளம் நோகிறது' என்றே சொன்னான். நாளடைவில் நோவு போயிற்று. ஒலி மட்டும் நின்றது. அவ்வெறுங் கூட்டையன்றோ தமிழர் கடன் வாங்கினர்!

தமிழுக்கு என்ன குறை? பிறர் துன்பங்கண்டு உருகுதல் இரங்கல். தன் பிழையெண்ணித் துன்புறுதல் வருந்தல். கழிந்ததை நினைந்து நைதல் கழிவிரக்கம். பிழையைத் தாங்கிக்கொள்ளுமாறு வேண்டுதல் 'பொறுத்தருள்க'. அகப்பொருள் மரபில் நெய்தல் நிலத்தின் உரிப்பொருளே இரங்கல். கடற்கரையூராகிய தேங்காய்ப்பட்டணத்துக்கு அச்சொல் தாய்வீட்டுச் சீர் அன்றோ?

'பொறை' என்பதற்குச் சுமை என்றும் பொருளுண்டு. பிழை செய்தவன் தன் பிழையின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுகிறான். அதைத் தாங்குமாறு இரப்பதே பொறுத்தல் வேண்டுதல். வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அண்டையிலுள்ள மலையாளமும் இவ்வேரை இன்றுவரை கைவிடவில்லை. அங்கு வழங்கும் 'மாப்பு' அரபு வழி வந்தது. அதன் வேருக்குத் துடைத்தழித்தல் என்னும் கருத்தேனும் உண்டு. 'மன்னிப்பு' என்பதன் பிறப்பிலோ அறிஞரிடையே கருத்து வேறுபாடு உளது. 'பொறுத்தல்' ஐயத்துக்கு இடமற்ற தமிழ்.

'வழக்கில் ஊறிய சொல்லை விரட்டுவானேன்?' என்பார் உளர். ஒரு சொல் போனால் ஒரு சொல் வரும் என்பது அவர் கணக்கு. இங்கே ஒன்று வந்து நான்கு போகின்றன! நான்கு சொல்லும் போனால், நான்கு உணர்வையும் பிரித்தறியும் திறமும் உடன் போகும். 'சாரி' என்று சொல்லிவிட்டு ஓடும் சிறுவன், கடன் தீர்ந்தது என்றே நினைக்கிறான். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பவனோ எதிரில் நிற்பவர் முகத்தை நோக்கி, விடைக்காகக் காத்து நிற்றல் வேண்டும். அக்காத்திருப்பே பண்பாடு.

தமிழகத்தோடு இணைய வேண்டிப் போராடியோர்மீது 1954 ஆகத்து 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிகள் வெடித்தன. உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் தமிழகம் சேர்ந்தது. குருதி கொடுத்து மண்ணை மீட்ட மக்கள், வாயிலிருக்கும் சொல்லை விலையின்றி விட்டுக்கொடுப்பதோ?

பெற்றோரே, ஆசிரியரே! குழந்தை தவறு செய்யுங்கால் 'சாரி சொல்' என்று ஏவாதீர். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லப் பழக்குக. இழவு வீட்டில் 'வருந்துகிறேன்' என்க. சொல் திரும்பினால் நோவும் திரும்பும். நோவு திரும்பினால் பிழை குறையும்.