தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

"உன் மனநிலைதான் உன் உயரத்தைத் தீர்மானிக்கிறது." பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களுக்கு நடத்தும் அறிமுக வகுப்புகளில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் இது. யூடியூபைத் திறந்தாலும் இதுதான் ஓடுகிறது. முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தன்னால் முடியாது என்று நம்புகிறவர் பேனாவை எடுக்கும்போதே பாதி தோற்றுவிடுகிறார். ஆனால், அந்த நம்பிக்கையின்மையை அவருக்குள் விதைத்தது யார் என்று இந்தப் பேச்சாளர்கள் கேட்பதே இல்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆதிக்கச் சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். தாளில் வரைந்த புதிர்வழிகளைத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் காசு. சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒவ்வொருவரின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி அனைத்தையும் எல்லார் முன்னும் சொன்ன பிறகு நடத்தியபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. 2006இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வெளிவந்த ஆய்வு இது. பிள்ளைகளின் அறிவு சில நிமிடங்களில் குறைந்துவிடவில்லை. அந்த அறையில் தாங்கள் யாராகப் பார்க்கப்படுகிறோம் என்பது அவர்களுக்கு நினைவூட்டப்பட்டது.

எங்கள் விடுதிகளில் அந்த அறிவிப்பு வேறு உருவில் நடக்கிறது. "ரேங்க் என்ன?" "எந்தக் கோட்டா?" "ஊர்ல எந்தத் தெரு?" போன மாதம் முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, இதையெல்லாம் சொல்லாம மறைச்சிட்டா நிம்மதியா படிக்கலாம் இல்லையா?" மேலே சொன்ன ஆய்வைப் படித்தவர்களுக்கும் இந்தக் கேள்வி எழும். சாதி தெரியாதபோது பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள் அல்லவா?

பரோடாவில் அம்பேத்கருக்கு நடந்தது இதற்குப் பதில். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலையில் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அவருடைய மனநிலையில் என்ன குறை? படிப்பில் என்ன குறை? மறைப்பு தரும் நிம்மதி, அது உடையும் நாள்வரைதான். அதுவரைக்கும் ஒவ்வொரு பேச்சையும் எண்ணி எண்ணிப் பேச வேண்டும். படிப்புக்குப் போக வேண்டிய கவனம் அந்தக் காவலுக்குப் போய்விடும்.

அடையாளத்தை மற்றவர்கள் நம்மீது அறிவிப்பதற்கும் நாமே அதைக் கையில் எடுப்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லைத் தலைப்பாக்கி, அதன் கீழ் உரிமைகளை எழுதினார். அது அவரோடு நிற்கவில்லை. அதை வாங்கியவர்களும் வாசித்தவர்களும் அவரோடு சேர்ந்து அந்தச் சொல்லின் பொருளை மாற்றினார்கள். தனியொருவரின் தைரியத்துக்கு அந்த வலு கிடையாது.

பரோடாவுக்குப் பிறகு அம்பேத்கர் மீண்டும் லண்டன் சென்று பட்டங்கள் பெற்றார். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் இன்று ஒரு 'வெற்றிக்கதை'யாக மட்டும் இருந்திருப்பார். 1924இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சபை சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஒரு விடுதியைத் திறந்தது. தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டவர் தொடங்கிய அமைப்பு, பிள்ளைகளுக்கு முதலில் தங்க இடம் தந்தது. பயமில்லாத ஓர் அறையும் வேளைக்குச் சோறும் தன்னைப் போன்ற பத்துப் பேரும் இருக்கும் இடத்தில்தான் தன்னம்பிக்கை வளரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: சொல்வதும் சொல்லாமலிருப்பதும் உன் உரிமை. ஆனால் தனியாக நின்று முடிவெடுக்காதே. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வா. முதலில் ஆட்கள், பிறகு முடிவு.

மூத்த மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்களைத் தேடிப் போய்ச் சந்திப்போம். ஆய்வுத் திட்டம் எழுதவும் உதவித்தொகைப் படிவம் நிரப்பவும் கூட உட்காருவோம். மாதக்கணக்கில் உதவித்தொகை நின்றால் அதை ஒருவருடைய பொறுமைக்கான தேர்வாக விடாமல், எல்லோரும் சேர்ந்து கேட்போம். 2012ஆம் ஆண்டு யுஜிசி விதிகள் சமவாய்ப்பு மையம் வேண்டும் என்றன. நம் வளாகத்தில் அது எந்த அறையில் இருக்கிறது, யார் பொறுப்பு என்று விசாரிப்போம்.

ஆதிக்கச் சாதியில் பிறந்த முற்போக்குத் தோழர்களுக்கு ஒன்று. ரேங்க் கேட்பதை நிறுத்துங்கள். பக்கத்து அறையில் யாராவது கேட்டால், "எதற்காகக் கேட்கிறாய்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். நாங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டோம்.