கிளிக்கு முதல் மதிப்பெண்ணா?

பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் சென்று, அங்கிருந்து மின்தொடர்வண்டியேறிக் கல்லூரி செல்லும் மாணவி ஒருத்தி, அகமதிப்பீட்டிற்குரிய தன் கட்டுரையை எவ்வாறு ஆக்குகிறாள் என்பதை அவளுடைய ஆசிரியர் அறிவாரா? வினாவை அப்படியே கைப்பேசியிலுள்ள செய்யறிவுப் பொறிக்குள் இடுகிறாள். வண்டி அடுத்த நிலையம் சேருமுன் வழுவற்ற ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்து விழுகின்றது. பெயரெழுதி ஒப்படைக்கிறாள். ஆசிரியர் புரட்டிப் பார்த்து, இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு இடுகிறார். கொடுத்தவளும் படிக்கவில்லை, திருத்தியவரும் படிக்கவில்லை. இதற்குப் பெயர் உயர்கல்வி!

மாணவியைக் குறைகூறுதல் எளிது. அவள் கையில் அப்பொறியைத் திணித்தவர் யாவர்? 2022 நவம்பர் 30-இல் ஓப்பன் ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் சாட்சிபிடியை வெளியிட்டது. 2025 சூலையில் கூகுள் நிறுவனம் கட்டணம் பெறும் தன் செமினியை இந்தியக் கல்லூரி மாணவர்க்கு ஓராண்டு விலையின்றித் தர முன்வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓப்பன் ஏஐயும் அவ்வழியே வந்தது. வணிகன் விலையின்றித் தருவது வள்ளன்மையாலா? பழக்கத்தை முதலில் விதைப்பான். விலையைப் பின்னர் அறுப்பான். தமிழக அரசும் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் இருபது இலக்கம் பேருக்கு ஈராண்டில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்து, 2,000 கோடி உருவா ஒதுக்கியது. ஏழைப் பிள்ளைகள் கையில் கருவி சேர்வது நல்லதே. ஆயின், அக்கருவியால் எழுதப்பெறுவதை மதிப்பிடவேண்டிய ஆசிரியர்க்கு என்ன கொடுத்தனர்?

கல்லூரி ஆசிரியர் பயிற்சிக்கென 1987-இலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் நிலையங்கள் இயங்கி வந்தன. 2023 செப்தம்பரில் மாளவியாவின் பெயரைச் சூட்டிப் புதுத் திட்டமாக்கினர். அதன் எட்டுப் பொருள்களுள் இந்திய அறிவு மரபு உண்டு. தலைமைப் பண்பு உண்டு. தகவல் தொழில்நுட்பமும் உண்டு. ஒரு கட்டுரை மாணவனுடையதுதானா என்று அவனையே வினவித் தெளியும் முறையோ, பொறியால் எளிதில் விடைதர இயலாத வினாவை ஆக்கும் முறையோ தனிப்பொருளாக இல்லை. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2025-ஐச் செய்யறிவு ஆண்டென அறிவித்தது. ஆண்டிற்குப் பெயரிட்டால் ஆசிரியர்க்கு அறிவு பெருகிவிடுமோ?

எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018-இல் மானியக் குழு வகுத்த விதிகள், பத்து விழுக்காடு ஒப்புமை வரை தண்டனையில்லை என்கின்றன. செய்யறிவுப் பொறியோ ஒவ்வொரு முறையும் சொற்களைப் புதிதாகக் கோத்துத் தருவது. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அதன்முன் கண்கட்டி நிற்கிறது.

இனி, அரசு கலைக் கல்லூரிகளின் வகுப்புகளைத் தாங்கி நிற்போர் யாவர்? ஏழாயிரத்திற்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். (பெயரில் மட்டுமே கௌரவம்!) 2024-இலும் அவர்க்கு மாதம் 25,000 உருவா, அதுவும் ஆண்டிற்குப் பதினொரு மாதம். அடுத்த ஆண்டு வேலையுண்டா என்றறியாதவரிடம், நூறு கட்டுரைகளைத் துருவிப் பார்த்து ஒவ்வொருவரையும் அழைத்து வினவுக என்று எவ்வாய்கொண்டு கூறுவது?

பொறி எழுதியதைப் பொறியே காட்டிக்கொடுக்கும் என்பாருமுளர். இதுதான் எல்லாவற்றினும் கொடியது. ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் அத்தகைய காட்டிக்கொடுக்கும் கருவியொன்றை வெளியிட்டது. பொறி எழுதியவற்றுள் 26 விழுக்காட்டை மட்டுமே அது பொறியினுடையதாக இருக்கக்கூடுமெனக் கண்டது. மாந்தர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டின்மீது பழி சுமத்தியது. துல்லியம் போதாதென்று சூலையில் அதை அந்நிறுவனமே விலக்கிக்கொண்டது. அவ்வாண்டே இசுடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் தந்து பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை பொறி எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன! அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் எழுதியவையோ பெரும்பாலும் தப்பின. எளிய சொற்களில், ஊகிக்கத்தக்க தொடர்களில் எழுதினால் அக்கருவிக்கு ஐயம் தோன்றுகிறது. இரவல் மொழியில் எழுதுவோர் வேறெவ்வாறு எழுதுவர்? தானே முயன்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதிய பொழிச்சலூர் மாணவி திருடியாகிறாள். பொறியிடம் வாங்கி நான்கு சொல்லை மாற்றிய மற்றொருத்தி தப்புகிறாள். 2024-இல் அரியானாவின் சோனிபட்டில், பொறியால் விடையெழுதினார் என்று தோல்வியுறச் செய்யப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் உயர்நீதிமன்றம் ஏறினார். பல்கலைக்கழகம் முடிவை மாற்றி அவரைத் தேர்ச்சியுறச் செய்தது. சட்டம் அறிந்தவர் வழக்காடினார். இவள் எவரிடம் முறையிடுவாள்?

நோயின் வேர் பொறியில் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. நன்னூல் மாணாக்கரை மூவகையாக்கிற்று. அன்னமும் ஆவும் போன்றோர் முதல்வர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைப்பட்டோர். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதோடு கிளியின் கல்வி முடிந்தது. பவணந்தியார் நடுவில் நிறுத்திய கிளியைக் கொண்டுவந்து முதலிருக்கையில் அமர்த்தியது நம் நாட்டுத் தேர்வுமுறை. அயன்மொழியில் உருப்போட்டு ஒப்புவித்தலே கல்வி என்று நூறாண்டுக்கு மேலாகப் பழக்கிவிட்டு, இன்று அதனைவிட நன்றாக ஒப்புவிக்கும் பொறியைக் கண்டு ஆசிரியருலகம் நடுங்குகிறது!

நூலெழுதியவன் அவையேறி, புலவர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறிய பின்னரே அந்நூல் ஏற்கப்படும் அரங்கேற்ற முறை இம்மண்ணினுடையது. அம்முறையையே வகுப்பிற்குக் கொணர்தல் வேண்டும். கட்டுரை தந்தவளை ஐந்து நிமையம் நிறுத்தி, “இதனை எங்ஙனம் கண்டாய்? இவ்விடத்தில் ஏன் இச்சொல்?” என்று தமிழில் கேட்டால் போதும். 2015 திசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் தன் தெருவில் எதுவரை ஏறியது, ஏன் ஏறியது என்று முதியோரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால், எந்த அமெரிக்கப் பொறி அவளுக்காகத் தெருவில் இறங்கும்? முதல் வரைவு, அடித்தல் திருத்தல், இறுதி வடிவம் மூன்றையும் கையெழுத்தில் கேட்டால், சிந்தித்த தடம் தாளில் தெரியும். பொறியைப் பயன்படுத்தினால் எவ்விடத்தில் என்று அவளே எழுதட்டும். அது கூறியவற்றுள் பொய் எது என்று கண்டு காட்டினால் அதற்கும் மதிப்பெண் தருக. இல்லாத நூலை இருப்பதாகச் சான்று காட்டும் பழக்கம் அப்பொறிக்கு உண்டு என்பதை முதலில் ஆசிரியர் அறிதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் இரண்டுநாள் உரை நிகழ்த்திச் சான்றிதழ் நீட்டிவிட்டுக் கலைவதால் பயனில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்த மறைமலையடிகள், பல்கலைக்கழகம் தமிழை விருப்பப்பாடமாக்கிய பின்னர் 1911-இல் அப்பணியை விட்டு வந்து தங்கிய பல்லாவரம், பொழிச்சலூருக்கு அடுத்த ஊர். அவ்வூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலேனும் வரும் கோடையில் பயிற்சி தொடங்கட்டும்: தமிழில், ஒவ்வொருவரும் தத்தம் பாடத்து வினாத்தாளைக் கையில் கொண்டுவந்து திருத்தியெழுதும் பயிற்சி, கௌரவ விரிவுரையாளர்க்கு அந்தப் பன்னிரண்டாம் மாதத்தின் ஊதியத்தோடு.