'போடுனேன்' தப்பா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் அக்காவின் மகளுக்கு இரண்டரை வயது. "பந்து போடுனேன்" என்கிறாள். "போட்டேன்னு சொல்லு!" என்று வீட்டில் அதட்டுகிறார்கள். எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஓடு - ஓடுனேன், ஆடு - ஆடுனேன், பாடு - பாடுனேன். அப்படியானால் போடு - போடுனேன்தானே? பெரியவர்கள் யாரும் சொல்லாத சொல் இது. குழந்தை கேட்டதை ஒப்பிக்கவில்லை, விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரும் இப்படித் தடுமாறியது உண்டு. 1986-ல் ரூமல்ஹார்ட், மெக்லெலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகாலத்தை ஒரு புரோகிராமுக்குப் பழக்கினார்கள். முதலில் கொடுத்த 10 சொற்களைச் சரியாகக் கற்றது. மேலும் 410 சொற்கள் சேர்ந்ததும், முன்பு சரியாகச் சொன்னவற்றிலும் 'எட்' விகுதியை ஒட்டித் தடுமாறியது. அதைத் திருத்தியது அதட்டல் அல்ல. திரும்பத் திரும்பக் கிடைத்த சரியான உதாரணங்கள்.

குழந்தைக்கும் அதுதான் தேவை. "அட, பந்து போட்டயா கண்ணு?" என்று பதில் சொன்னால் போதும். கம்ப்யூட்டரில் ஓடும் ரைம்ஸ் இப்படிப் பதில் சொல்லாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேசுங்கள். மைக் இருந்தால் மழலையைப் பதிவு செய்து, ஃபைலுக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். 'போடுனேன்' ரொம்ப நாள் இருக்காது!