கம்பி எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்

ராஸ்பெரி பையின் முதல் தலைமுறைப் பலகையில் இருந்த பிசிஎம்2835 சில்லில் 16 டிஎம்ஏ சேனல்கள் உண்டு. செயலியைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்துக்கும் புறக்கருவிகளுக்கும் இடையே தரவைக் கடத்துவது இவற்றின் வேலை. தரவைக் கடத்த வேண்டியபோது ஒவ்வொரு கருவியும் ஒரு கோரிக்கைக் கம்பியைத் தட்டுகிறது. எஸ்பிஐ கருவி அனுப்பும்போது 6ஆம் கம்பி, பெறும்போது 7ஆம் கம்பி. இந்த எண்கள் சில்லைச் செய்தபோதே முடிவானவை. கோரிக்கையை எந்தச் சேனல் ஏற்கும் என்பதோ இயங்கும் நேரத்தில் லினக்ஸ் கெர்னல் எடுக்கும் முடிவு. வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் முதலாவது மட்டுமே இடம்பெற வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டும் குழம்பியதற்குப் பழைய பிசி ஒரு காரணம். அங்கே 8237 டிஎம்ஏ கட்டுப்படுத்தியில் கம்பியும் சேனலும் ஒன்றே. ஃபிளாப்பிக்கு 2, சவுண்டு கார்டுக்குப் பெரும்பாலும் 1. அந்தப் பழக்கம் ஏஆர்எம் பலகைகளுக்கான சி கோப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. அத்தகைய கோப்புகள் குவிந்துகிடந்த நிலையை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகச் சாடிய பிறகே, ஏஆர்எம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் வேகமாக நகர்ந்தது. இன்று டிரைவர், அனுப்பும் வழி, பெறும் வழி என்று பெயர் சொல்லிக் கேட்கிறது. எண்ணைத் தேடி எடுப்பது கெர்னலின் பொறுப்பு.

ஆனால் இந்தக் கோட்டை அவ்வளவு நேராகப் போட்டுவிட முடியாது. அதே பிசிஎம்2835இன் டிவைஸ் ட்ரீ விவரக் கோப்பில் 0x7f35 என்றொரு மறைப்பு எண் உண்டு. பதினாறில் 11 சேனல்களை மட்டும் அது லினக்ஸுக்கு விடுகிறது. மற்றவை ஃபர்ம்வேர் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டவை. இது வன்பொருள் அல்ல, ஏற்பாடு என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இருந்தும் நான் அதை ஏற்கிறேன். ஃபர்ம்வேர் எந்தச் சேனலைப் பிடித்திருக்கிறது என்று கெர்னல் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. லினக்ஸுக்குப் பதில் வேறொரு இயங்குதளம் ஓடினாலும் அந்தத் தகவல் பொய்யாகாது. இதே சில்லில் ஒரே மூச்சில் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாத ‘லைட்’ சேனல்களும் உள்ளன. அவற்றை ஒரு பதிவேட்டைப் படித்தே டிரைவர் அறிந்துகொள்கிறது. எனவே அவற்றைக் கோப்பில் எழுதத் தேவையில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. சேனல் கேட்டுப் பிழை திரும்பினால், காரணம் பாராமல் செயலியே ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும் முறைக்குத் தாவிவிடும் டிரைவர்கள் இருக்கின்றன. கட்டுப்படுத்தியின் டிரைவர் இன்னும் ஏறவில்லை, பிறகு வா என்று கெர்னல் சொன்னதையும் டிஎம்ஏ இல்லை என்றே அவை புரிந்துகொள்கின்றன. கருவி வேலை செய்யும், மெதுவாக. புகார் வராது, பழுதும் வெளியே தெரியாது. விவரக் கோப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இங்கே பயனில்லை. இந்த இரண்டு பிழைகளையும் பிரித்துப் பார்க்காத டிரைவரை, குறிமுறையை மதிப்பாய்வு செய்பவர்கள் ஏற்கக் கூடாது.